கோர்ட்டுக்குப் போகும் செல்போன்: வாசகர் கேள்வி பதில்

செல்போன், லேப்டாப், கேமரா பதிவு இவையெல்லாம் வழக்கில் எப்படிச் சான்றாகின்றன என்று கேட்டு எழுதலாம் எனப் போன இதழில் சொல்லியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன. பாதிக்கு மேல் குடும்பத்துக்குள் நடக்கும் விஷயம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வக்கீல்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இந்தச் சோதனைகளைச் செய்து கொடுத்து, தேவைப்பட்டால் கோர்ட்டில் சாட்சி சொல்வது என் வேலை. நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றி இங்கே எழுதுவதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புள்ள அக்கா, என் கொழுந்தன் கார் ரிப்பேருக்கு என்று 17,000 ரேண்ட் கடன் வாங்கினான். பேங்க் மூலமாகத்தான் அனுப்பினேன். "அடுத்த மாசம் தந்துடுறேன் அண்ணி" என்று பலமுறை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறான். இப்போது கேட்டால், அது நான் சும்மா கொடுத்த பணம், மெசேஜ் எல்லாம் நானே தயாரித்தது என்கிறான். ஸ்க்ரீன்ஷாட் வைத்திருக்கிறேன். பழைய போனை மகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஸ்க்ரீன்ஷாட் போதுமா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

இன்றைக்கே மகளிடமிருந்து அந்தப் பழைய போனைத் திரும்ப வாங்குங்கள் தங்கச்சி. அவளுக்கு வேறு ஏதாவது பார்த்துக் கொடுங்கள். ரீசெட் செய்யாமல் இருந்தால் உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. இப்போதைய போன்களில் எல்லாமே பூட்டி எழுதப்பட்டிருக்கும். ரீசெட் செய்தால் அந்தப் பூட்டின் சாவியையே போன் அழித்துவிடும். அதற்கப்புறம் என்னாலும் முடியாது, வேறு யாராலும் முடியாது.

ஸ்க்ரீன்ஷாட் என்பது ஒரு படம், அவ்வளவுதான். படத்தைத் திருத்தத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. இன்னொரு நம்பரைக் கொழுந்தன் பெயரில் சேமித்து, அதிலிருந்து நமக்கு நாமே மெசேஜ் அனுப்பிக்கொண்டால் அச்சு அசலாக அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்து உரையாடலை எக்ஸ்போர்ட் செய்தால் வருவதும் வெறும் எழுத்துக் கோப்புதான், யாரும் திருத்தலாம். அதனால் எதிர்த்தரப்பு வக்கீல் சந்தேகம் கிளப்பினால் படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும்.

போனுக்குள் வாட்ஸ்அப் தன் மெசேஜ்களை ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு வரி. யார் பெயரில் சேமித்திருந்தாலும் அந்த வரியில் இருப்பது நம்பர். கூடவே நேரம், அந்த மெசேஜுக்கே உரிய அடையாளக் குறி. அதே குறி அனுப்பியவர் போனிலும் இருக்கும். இரண்டு போனையும் கோர்ட் கேட்டு வாங்கினால் பொருத்திப் பார்த்துவிடலாம். ஒன்று மட்டுமே கிடைத்தாலும், முன்னும் பின்னும் உள்ள வரிகள் வரிசை குலையாமல் இருக்கின்றனவா, நடுவில் எதையாவது செருகிய அடையாளம் உண்டா என்று சொல்ல முடியும்.

2002-ல் வந்த மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சான்றைத் தள்ளக்கூடாது. ஆனால் எவ்வளவு எடை கொடுப்பது என்பதைக் கோர்ட் எடைபோடும். அந்தப் பதிவு உருவான, சேமித்த விதம் நம்பத்தக்கதா, கலைக்கப்படாமல் காக்கப்பட்டதா, அனுப்பியவர் யார் என்று எப்படி நிறுவினார்கள் என்று பார்க்கும். மூன்றாவதுதான் எப்போதும் சிக்கல். என் அறிக்கையில் "கொழுந்தன் எழுதினார்" என்று நான் எழுத மாட்டேன். "இந்த நம்பரிலிருந்து, இந்த நேரத்தில் வந்தது" என்று மட்டுமே எழுதுவேன். விரல் யாருடையது என்பதற்கு வேறு துணை வேண்டும். உங்களிடம் அது இருக்கிறது. நீங்கள் பேங்கில் அனுப்பிய நேரத்தையும், "வந்துடுச்சு அண்ணி" என்ற மாதிரி அதற்குச் சற்று நேரத்தில் வந்த பதிலையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் ஏதாவது அந்த உரையாடலில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

தேதியை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கள். இப்படிப்பட்ட கடன் 3 வருடத்தில் காலாவதியாகும் என்று 1969-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆனால் "தந்துடுறேன்" என்று அவர் ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். எனவே அவருடைய கடைசி ஒப்புதல் மெசேஜ் எந்த நாளில் வந்தது என்பதுதான் வழக்கே. சோதனைக் கருவிகள் பல நேரம் உலகப் பொது நேரத்தில் அறிக்கை தரும். நாம் அதற்கு 2 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே 1-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.40-க்கு வந்த மெசேஜ், அறிக்கையில் முந்தின நாள் இரவு 10.40 என்று நிற்கும். ஒரு நாள் முன்னே பின்னே போனதால் வழக்கே போய்விடக்கூடாது.

சிறு வழக்கு நீதிமன்றத்தின் வரம்பை 2019-ல் 20,000 ரேண்டாக உயர்த்தினார்கள், உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. அங்கே உங்களுக்காக வக்கீல் பேச முடியாது, நீங்களே பேசலாம். போனையும் சார்ஜரையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அக்கா, எங்கள் கடையில் ராத்திரி திருட்டு. கேமராவில் ஆள் தெரிகிறான். ஆனால் பதிவில் தேதி 2000 ஜனவரி 1 என்று இருக்கிறது. காப்பீட்டுக்காரர்கள், இது அந்த ராத்திரி எடுத்தது என்று எப்படி நம்புவது என்கிறார்கள். கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி காப்பி எடுத்துக் கொடுக்கலாமா?
– கடைக்காரர், ஃபீனிக்ஸ்

கடிகாரத்தைத் தொடாதீர்கள் தம்பி! தப்பான நேரமும் ஒரு சான்றுதான்.

கேமரா படங்களைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிக்குள் ஒரு சின்ன பட்டன் பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துவிட்டால், ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் பெட்டி தன் ஆரம்பத் தேதிக்குத் திரும்பி, நள்ளிரவு பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். முறை வைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் நடந்த வருடங்களில் இப்படிப்பட்ட பதிவுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. இது சீர்செய்யக்கூடிய குறைதான். ஆனால் முறையாகச் செய்ய வேண்டும்.

முதலில், கேமரா திரையில் ஓடும் நேரமும் உங்கள் செல்போனின் நேரமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு போட்டோ எடுங்கள். திருட்டுக்கு அப்புறம் கரண்ட் போகவே இல்லை என்றால், அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் போதும். போயிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் ஒவ்வொரு கரண்ட் வெட்டும் ஒரு புதிய பூஜ்யம். அப்போது திருட்டு விழுந்த அதே ஓட்டத்துக்குள், நேரம் உறுதியாகத் தெரிந்த வேறு சம்பவம் ஒன்றைத் தேட வேண்டும்.

கடையில் கார்டு மெஷின் இருக்கிறதல்லவா? சாயங்காலம் கடைசி வாடிக்கையாளர் கார்டில் பணம் கட்டிய ரசீது 18.52 என்று காட்டுகிறது, கேமராவில் அவர் அதே கார்டை நீட்டும்போது 04.22 என்று ஓடுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 14 மணி 30 நிமிடம். திருடன் கேமராவில் 12.05-க்கு வருகிறான் என்றால் உண்மையில் மறுநாள் அதிகாலை 02.35. அலாரம் கம்பெனியின் பதிவில் 02.37-க்கு மணி அடித்திருந்தால் உங்கள் கணக்கு இரண்டு பக்கமும் கட்டப்பட்டுவிட்டது. அன்று பகல் 14.30-க்கு, அதாவது கேமரா பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கிய நேரத்தில், உங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பியது என்று பக்கத்துக் கடைக்காரரும் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

காப்பியை இன்றே எடுங்கள். வட்டு நிறைந்ததும் பெட்டி பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். திரையைச் செல்போனில் படம்பிடித்துக் கொடுக்காதீர்கள். பெட்டியின் சொந்த வடிவத்தில், அதை ஓட்டும் மென்பொருளோடு பென் டிரைவில் எடுங்கள். யார் எடுத்தது, எப்போது, யாரிடம் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. "வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான், அது எதிர்வீட்டுப் பையன்தான்" என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் தெருவில் சொல்லாதீர்கள். இருட்டில் கேமரா அகச்சிவப்பு ஒளியில் பார்க்கிறது. அந்த ஒளியில் சில கறுப்புத் துணிகள் வெளிர்நிறமாகத் தெரியும். சட்டையின் நிறத்தை வைத்து ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுத்துவிட வேண்டாம்.

மகளே, என் பேரனைப் போலீஸ் கூப்பிட்டு விசாரிக்கிறது. லா மெர்சி பக்கம் ஒரு கொள்ளை நடந்த நேரத்தில் அவன் செல்போன் அங்கே இருந்ததாக டவர் சொல்கிறதாம். அவன் அன்று வீட்டில் என்னோடுதான் இருந்தான். டவர் பொய் சொல்லுமா?
– ஒரு பாட்டி, டொங்காட்

பாட்டி, டவர் பொய் சொல்லாது. டவர் சொல்லாத ஒன்றை மனிதர்கள் அதன் வாயில் வைத்துவிடுகிறார்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் உத்தரவு வாங்கி, போலீஸ் போன் கம்பெனியிடமிருந்து அழைப்புப் பதிவுகளைப் பெறும். அதில் இருப்பது, இந்த நேரத்தில் இந்த சிம் இந்த டவரின் இந்தப் பக்கத்தோடு பேசியது என்பது மட்டுமே. ஒரு டவர் வழக்கமாக மூன்று பக்கமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் விசிறி போல ஒரு பெரிய பரப்பைப் பார்க்கும். போன் பக்கத்து டவரைத்தான் பிடிக்கும் என்றும் இல்லை. எது பலமாகக் கேட்கிறதோ, எதில் இடம் இருக்கிறதோ அதைப் பிடிக்கும். நம் வடக்குக் கடற்கரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மேட்டில் நிற்கும் ஒரு டவர் டொங்காட் வீடுகள் சிலவற்றையும் லா மெர்சியையும் சேர்த்தே பார்க்கலாம். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்து டவருக்குக் கரண்ட் இல்லாமல் பேட்டரியும் தீர்ந்திருந்தால், உங்கள் வீட்டுப் போன்கள் தூரத்து டவருக்குப் போயிருக்கும். வக்கீலிடம் இதைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் எந்தெந்த டவர் வேலை செய்தது? பேரன் வீட்டிலிருந்தபோது வேறு நாட்களில் அவன் போன் எந்த டவரைப் பிடித்தது? வீட்டில் இருந்த மற்ற நாட்களிலும் அதே டவர்தான் என்றால், அந்தக் குற்றச்சாட்டின் பலம் பெரும்பாலும் போய்விடும்.

டென்மார்க்கில் 2019-ல் என்ன நடந்தது என்று சொல்கிறேன். போன் கம்பெனி தரும் மூலப் பதிவைப் போலீஸ் படிக்கும்படி மாற்றிக் கொடுத்த மென்பொருள் சில பதிவுகளை விட்டுவிட்டது, டவர் இருக்கும் இடங்களிலும் பிழை இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபடி பார்க்க உத்தரவிட்டார்கள். இரண்டு மாதம் அந்தச் சான்றைக் கோர்ட்டில் பயன்படுத்துவதையே நிறுத்தி வைத்தார்கள். பணக்கார நாடு, நல்ல போலீஸ், அங்கேயே இப்படி.

அப்புறம், சிம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? நம் வீடுகளில் தாத்தா பெயரில் வாங்கிய சிம்மைப் பேரன் வைத்திருப்பான், அவன் போனை அவன் நண்பன் வைத்திருப்பான். போன் இருந்த இடமும் பேரன் இருந்த இடமும் ஒன்றுதான் என்பதையும் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும்.

அவன் வீட்டில் இருந்ததற்கு அவன் போனிலேயே சான்று இருக்கக்கூடும். வீட்டு வைஃபையோடு இணைந்திருந்த நேரம், நடந்த அடிகளின் கணக்கு, கூகுள் டைம்லைன் எல்லாம் உதவும். ஆனால் இவற்றில் சில குறிப்பிட்ட காலத்துக்கு மேல் தானாகவே அழிந்துவிடும். பயத்தில் அவன் எதையும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குற்றமற்றவன் அழித்தாலும் அது குற்றவாளி அழித்தது போலத்தான் தெரியும். போனை அவனாகவே யாரிடமும் நீட்டவும் வேண்டாம், வக்கீல் மூலமாகப் போகட்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் லீகல் எய்டில் கேளுங்கள், தயங்காதீர்கள்.

அக்கா, என் பழைய நண்பன் என் அந்தரங்கப் படங்களைக் குடும்ப குரூப்பில் போடுவேன் என்று மிரட்டுகிறான். வெட்கத்தில் எல்லா மெசேஜையும் அழித்துவிடலாமா என்று இருக்கிறது.
– ஊர் வேண்டாம்

அழிக்காதே கண்ணம்மா. வெட்கப்பட வேண்டியவன் அவன். மிரட்டல் மெசேஜ், அவன் நம்பர், அவன் கணக்கின் இணைப்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும். நீ நம்பும் ஒருவரிடம் போனைக் காட்டு, பிறகு அவரோடு போலீஸ் நிலையம் போ. சம்மதமில்லாமல் அந்தரங்கப் படத்தை வெளியிடுவது 2020-ஆம் வருட சைபர் குற்றச் சட்டத்தில் தனிக் குற்றம், அந்தப் பிரிவு 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தெரியாத நம்பரிலிருந்து வந்தாலும் விடாதே. 2011-ஆம் வருடத் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்டால், அனுப்பியவர் யார் என்று சொல்லும்படி சேவை நிறுவனத்துக்கே கோர்ட் உத்தரவிட முடியும். பணம் கேட்டால் கொடுக்காதே.

அப்பா போன வருடம் காலமானார். அவருடைய லேப்டாப்பில் உயில் என்று ஒரு வேர்ட் கோப்பு இருக்கிறது, கையெழுத்து இல்லை. வீட்டை எனக்கு எழுதியிருக்கிறார். அண்ணன் அதைத் திறந்து பார்த்து, ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர் இருப்பதைக் காட்டி, நான்தான் டைப் செய்தேன் என்கிறார். லேப்டாப் வாங்கிக் கொடுத்து எல்லாம் போட்டுக் கொடுத்தது நான்தான். வேறு ஒன்றும் நான் செய்யவில்லை.
– மகள், மெர்பேங்க்

உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஆசிரியர் பெயர் என்பது, மென்பொருளை முதலில் அமைத்தவர் கொடுத்த பெயர். நீங்கள் அமைத்தீர்கள், உங்கள் பெயர் விழுந்தது. அதே லேப்டாப்பில் அப்பா எழுதிய மற்ற கோப்புகளைப் பார்க்க வேண்டும். கோயில் கமிட்டிக்கு எழுதியது, முனிசிபாலிட்டிக்கு எழுதிய தண்ணீர் பில் புகார் என்று எல்லாவற்றிலும் ஆசிரியர் நீங்கள் என்றே இருந்தால், உயிலில் உங்கள் பெயர் இருப்பது எதையும் நிரூபிக்காது.

இதற்கு மேல் அந்தக் கோப்பை நீங்களும் திறக்காதீர்கள், அண்ணனும் திறக்க வேண்டாம். ஒருமுறை திறந்து சேமித்தால் கடைசியாக மாற்றிய நேரம் போய்விடும். லேப்டாப்பை அணைத்து, இருவருக்கும் பொதுவான ஒரு வக்கீலிடம் கொடுங்கள். என்னைப் போன்றவர்கள் செய்வது என்னவென்றால், உள்ளே எதுவும் எழுத முடியாதபடி தடுக்கும் கருவி வழியாக வட்டு முழுவதையும் பிரதி எடுப்போம். மூலத்துக்கும் பிரதிக்கும் ஹேஷ் என்னும் 64 எழுத்து எண் ஒன்றைக் கணக்கிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று பதிவு செய்வோம். ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் முழுசாக வேறாகிவிடும். அப்புறம் பிரதியில்தான் வேலை.

தேதிகள் எளிதில் ஏமாற்றும். விண்டோஸில் ஒரு கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுத்தால், உருவான தேதி நகலெடுத்த நாளாக மாறும், மாற்றிய தேதி பழையதாகவே இருக்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்டது போலத் தெரியும். அதைக் காட்டி அண்ணன் மோசடி என்று சொன்னால், அது நகல் எடுத்ததன் சாதாரண அடையாளம் என்று விளக்கலாம். ஆனால் எங்கிருந்து நகலாக வந்தது என்ற கேள்வியும் உடனே எழும், அதற்கும் தயாராக இருங்கள். எந்த பென் டிரைவ் எப்போது செருகப்பட்டது என்று விண்டோஸ் தனியாகக் குறித்து வைக்கும். கோப்புக்குள்ளேயே திருத்தங்களின் எண்ணிக்கையும், திருத்திய மொத்த நிமிடங்களும் உண்டு. 240 நிமிடம் என்று இருந்தால் 4 மணி நேரம் தட்டினார் என்று பொருளல்ல. கோப்பு திறந்து கிடந்த நேரமும் அதில் சேரும், அப்பா நடுவில் சாப்பிடப் போயிருக்கலாம்.

கையெழுத்து இல்லை என்று மனம் தளர வேண்டாம். 1953-ஆம் வருட உயில் சட்டத்தின் 2(3) பிரிவு, இறந்தவர் அதையே தன் உயிலாக நினைத்தார் என்று கோர்ட் நம்பினால் முறைக் குறையை மன்னிக்க வழி தருகிறது. 2002-ல் ப்ளூம்ஃபொன்டேனில் முடிந்த மெக்டொனால்ட் வழக்கில், தன் உயில் அலுவலகக் கணினியில் இந்த இடத்தில் இருக்கிறது என்று கைப்பட எழுதி வைத்துவிட்டு இறந்தார் ஒருவர். அந்தக் கோப்பின் அச்சுப் பிரதியை உயிலாக ஏற்கச் சொன்னது கோர்ட். அங்கே அவர் கைப்பட எழுதிய குறிப்பு பெரிய துணையாக இருந்தது. அப்பா டைரியிலோ, யாரிடமோ, "உயில் லேப்டாப்பில் இருக்கு" என்று சொன்னதுண்டா? லேப்டாப்பின் பாஸ்வேர்ட் உங்களுக்கும் தெரியுமா? தெரியுமென்றால் அதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மேடம், நான் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் கணினி படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர எந்த மென்பொருளைக் கற்க வேண்டும்?
– மாணவர்

மென்பொருளை வேலையில் கற்றுக்கொள்ளலாம். அது படிக்கும் தரவை, அது இல்லாமலே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 2011-ல் அமெரிக்காவில் கேசி ஆன்டனி வழக்கில், வீட்டுக் கணினியில் குளோரோஃபார்ம் பற்றிய பக்கத்தை 84 முறை பார்த்ததாக அரசுத் தரப்பு சொன்னது. ஒரு மென்பொருள் கொடுத்த எண் அது. வேறொரு மென்பொருள் அதே பதிவை 1 முறை என்று படித்திருந்தது. கடைசியில் 84 என்ற மென்பொருளை எழுதியவரே ஆராய்ந்து பார்த்து, 1 தான் சரி, 84 வேறொரு தளத்துக்கு உரியது என்று சொன்னார். ஒரு தாய் மேல் கொலைக் குற்றம் சாட்டிய வழக்கு அது. இரண்டு கருவி இரண்டு விடை சொன்னால் அங்கே நின்று, மூலப் பதிவைக் கையால் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் எனக்குத் துணையாக வேண்டும்.

உங்கள் சொந்தப் பழைய போனிலிருந்து தொடங்குங்கள். போன் செயலிகள் தரவைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒன்றை எடுத்து, ஒரு மெசேஜை அழித்து, அது எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். 1970, 2001, 1601 என்று ஒவ்வொரு நிரலும் நேரத்தை வேறு வருடத்திலிருந்து எண்ணும், அவற்றைக் காகிதத்தில் மாற்றிப் பழகுங்கள். அப்புறம் கண்டதைக் கணினி தெரியாத உங்கள் அம்மாவுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விகளைத்தான் மாஜிஸ்திரேட்டும் கேட்பார்.